குழி தோண்டுவது பாதி வேலைதான்

கீழடியில் புதுசா ஏதாவது கிடைத்தால் எல்லோரும் பகிர்கிறோம். 1961-இல் தொடங்கிய நம் மாநிலத் தொல்லியல் துறை தோண்டுவதற்கு முன்னும் பின்னும் பார்க்கும் வேலை பலருக்கும் தெரிவதில்லை.

மாநில அரசே தோண்டினாலும் 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். அது தாமதமானால் காசு இருந்தும் கோடை கைநழுவிப் போகும். ஐப்பசி மழையில் குழிக்குள் தண்ணீர் நின்று மண்ணடுக்குச் சுவர் சரியும்.

காலம் கணிக்கக் கரித்துண்டு எடுப்பதையே பாருங்கள். கை படக்கூடாது. சுத்தமான கொத்துக்கரண்டி முனையால் எடுத்து, அலுமினியத் தாளில் மடித்து, குழி எண், அடுக்கு, ஆழம் எல்லாம் அங்கேயே எழுத வேண்டும். ஆழம் விட்டுப்போனால் அது வெறும் அடுப்புக்கரி. எலி வளைக்குப் பக்கத்தில் எடுத்தால் மேலடுக்குக் கரி கலந்து காலம் பிந்திக் காட்டும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிதான் அமெரிக்க ஆய்வகத்தில் கி.மு. 580 என்று காலம் சொன்னது.

ஆகவே தோண்டும் கூலிக்கு மட்டும் ஒதுக்கினால் போதாது. பானை ஓடு கழுவ, வரைய, ஆய்வகக் கட்டணம், அறிக்கை அச்சிட எல்லாவற்றுக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அறிக்கை வராத அகழாய்வு, மண்ணை அழித்ததோடு சரி.

மதுரை திருமலை நாயக்கர் மகாலும் இதே மாநிலத் துறையின் பொறுப்புதான். சுண்ணாம்புச் சுதைமேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து உதிரும். அதனால் அங்கே சுண்ணாம்புதான், செலவும் நாளும் கூடினாலும்.

கிணறு வெட்டும்போது முதுமக்கள் தாழி தட்டுப்பட்டால் வெளியே இழுக்காதீர்கள். மண்ணைப் போட்டு மூடி, விஏஓவிடம் சொல்லுங்கள்.