பதிமூன்றரை அடி வீடு

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தாத்தா வீட்டின் அகலம் 13 அடி 6 அங்குலம். 2024 ஜனவரி வரை இது எனக்குத் தெரியாது. சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவு பூராவும் அங்கேதான் கிடப்போம். பதினைந்து பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருக்கிறோம், ஒருநாளும் அது ஒடுக்கமான வீடாகத் தெரிந்ததில்லை. கோர்ட்டிலிருந்து வந்த கமிஷனர் டேப்பைக் குனிந்து பார்த்து அளவை வாசித்தபோது, "இன்னொரு தடவை பாருங்க மேடம்" என்றேன். மறுபடியும் அதே 13 அடி 6 அங்குலம்தான்.

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கேட்ட மாத்திரத்தில் மனசு வகுத்துவிட்டது. நாலு பங்கு, ஆளுக்கு மூன்றடி நாலரை அங்குலம். ஒரு பீரோவை நிறுத்தினால் பக்கத்தில் ஆள் நிற்க முடியாது.

எப்படி இங்கே வந்து நின்றோம் என்று சொல்ல வேண்டும். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு அது. உயில் எழுதாமல் 1971-ல் போய்விட்டார், பிறகு ஆச்சியும். பிள்ளைகள் நாலு பேர்: பெரிய மாமா, எங்கம்மா, சின்ன மாமா, சித்தி. 1956 வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்குக் கால் பங்கு. பெரிய மாமா குடும்பம் வீட்டிலேயே இருந்தது, சின்ன மாமா சென்னைக்குப் போனார், அம்மாவும் சித்தியும் கல்யாணமாகிப் போனார்கள். பங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"அப்பவே கேட்டிருக்கலாம்லா" என்று அம்மாவிடம் நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டிருக்க முடியாது என்பது வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. அந்தச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கிற வீட்டில் ஆண் வாரிசுகளாக மனசு வைத்துப் பிரித்துக்கொண்டால்தான் உண்டு, பெண் வாரிசு தானாகப் போய்ப் பாகம் கேட்க முடியாது. அதாவது பங்கு உண்டு, கேட்கத்தான் கூடாது. 2005 செப்டம்பர் 9 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில்தான் அந்தப் பிரிவை எடுத்தார்கள். அப்போது அம்மாவுக்கு அறுபத்து நாலு வயசு.

அதற்குப் பிறகும் அம்மா கேட்கவில்லை. அண்ணன் இருக்கிற வரைக்கும் அந்தப் பேச்சே கிடையாது என்றுவிட்டாள். 2015-ல் பெரிய மாமா தவறினார். பதினாறு கழிந்து சில மாதத்தில், வீட்டுத் தீர்வை ரசீது அவர் மகன், எங்கள் அத்தான் பேருக்கு மட்டும் மாறியிருந்தது தெரிந்தது. அத்தானைக் கேட்டதற்கு, "தீர்வை கட்டுகிறவன் பேர்ல ரசீது, அதுக்கு என்ன இப்பம்?" என்றார். அந்த 'இப்பம்'தான் வினை. 2016-ல் அம்மாவும் சித்தியும் வாதிகளாகப் பாகப்பிரிவினைக்குத் தாவா போட்டோம். போட்டோம் என்று சொல்வதே சரி, ஓடியது முழுக்க நான்தான்.

முதல்நிலைத் தீர்ப்பாணை 2021-ல் வந்தது. நாலில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு என்று நாலு வரி. ஜெயித்துவிட்டோம் என்று சித்திக்குப் போன் போட்டேன். வக்கீல் சிரித்தார். "டீச்சர், இது பங்கு எவ்வளவுன்னு சொல்லியிருக்கு. எதுன்னு இன்னும் சொல்லலை." எது என்று சொல்வது இறுதித் தீர்ப்பாணை. அதற்குத் தனி மனு, அந்த மனுவில்தான் அட்வகேட் கமிஷனரை நியமிப்பார்கள். வீட்டை நேரில் பார்த்து, அளந்து, பிரிக்க முடியுமா, முடிந்தால் எப்படி என்று அறிக்கை தருவது அவர் வேலை. 2023 கடைசியில் நியமித்தார்கள். கமிஷனர் கட்டணம் 15,000 ரூபாயை முதலில் மனு போட்ட நாங்கள் கட்டினோம். டிசம்பரில் நாள் குறித்திருந்தார்கள், 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. கமிஷனும் தள்ளிப்போனது.

வந்தவர் முப்பது வயசுகூட ஆகாத பெண் வக்கீல். ஸ்கூட்டரில் வந்தார். ஃபைல், டேப், ஒரு குயர் நோட்டு. இரண்டு பக்கத்து வக்கீல் குமாஸ்தாக்களும் வந்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துவிட்டேன். "வாதி தரப்பு டேப்பைத் தொடக்கூடாது மேடம்" என்று எதிர்த்தரப்பு குமாஸ்தா ஆட்சேபனை சொன்னார். அப்புறம் ஒரு முனையை அவரும் மறுமுனையை எங்கள் குமாஸ்தாவும் பிடித்தார்கள். அளக்கும்போதும் இரண்டு பேரும் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

வாசலிலிருந்து போனோம். தார்சா, பட்டாசல், அரங்கு, முற்றம், அடுக்களை, புறவாசல், கிணறு, தொழுவம் இருந்த இடம். நீளம் 108 அடி. இரண்டு பக்கமும் பொதுச்சுவர், சந்து கிடையாது. பின்னால் வாய்க்கால், வழி கிடையாது. நீளவாக்கில் பிரித்தால் மூன்றடி நாலரை அங்குலம். குறுக்கே வெட்டினால் ஆளுக்கு 27 அடி, ஆனால் தெரு முதல் பங்குக்காரனுக்கு மட்டும்தான். கடைசிப் பங்குக்காரன் கிணற்றோடு உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். எல்லாருக்கும் மூன்றடி நடை விட்டால் மிச்சம் பத்தரை அடி, முற்றமும் போய்விடும். கமிஷனர் நோட்டில் கோடு போட்டுப் பார்த்தார், அழித்தார், மறுபடி போட்டார். அத்தான் சம்சாரம் எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள். கமிஷனர் மட்டும், "நான் எந்தத் தரப்பிலயும் எதுவும் சாப்பிடக் கூடாதுங்க" என்று சொல்லிக் கைப்பையிலிருந்த தண்ணீரைக் குடித்தார். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

அரங்கு வீட்டுக் கதவை அத்தான் திறந்துவிட்டார். உள்ளே இருட்டு. கமிஷனர் செல்போன் வெளிச்சத்தில் அளந்தார். சுவரில் ஆச்சி பால் கணக்குக்குப் போட்ட கரிக்கோடுகள் அப்படியே இருந்தன, அஞ்சு அஞ்சாகக் கட்டி. அறிக்கையில் அதற்கு இடமில்லை. 'அரங்கு, 9 × 8, ஜன்னல் இல்லை' என்றுதான் எழுதியிருந்தது.

அளவுகளின்படி வீட்டைப் பிரிக்க இயலாது என்று அறிக்கை வந்தது. இங்கேதான் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன்.

பிரிக்க முடியாத கூட்டுச் சொத்துக்கு 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 2-ஆவது பிரிவுப்படி, பாதி அல்லது அதற்கு மேல் பங்கு உள்ளவர்கள் கேட்டால், பிரிப்பதைவிட விற்பதுதான் எல்லாருக்கும் நல்லது என்று தோன்றினால், விற்றுப் பணத்தைப் பங்கிடக் கோர்ட் உத்தரவிடலாம். அம்மா கால், சித்தி கால், சேர்ந்தால் சரியாகப் பாதி. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஊர் புரோக்கர் ஒருவர் வீடு 50 லட்சம் போகும் என்று சொல்லியிருந்தார். விற்கக் கேட்டு மனு போடுங்கள் என்றேன்.

"யோசிச்சுக்கிடுங்க" என்றார் வக்கீல். "விக்கணும்னு கேக்கிறவங்க பங்கை, மத்த பங்காளி மதிப்புப் போட்ட விலைக்கு வாங்கிக்கிடலாம். மூணாவது பிரிவு." நான் அதைக் காதில் வாங்கவில்லை. அத்தானிடம் ஏது பணம் என்ற தெனாவட்டு.

அம்மாவுக்கு வேறு பயம். "ஏட்டி, ஏலம் போடுவாவளா? தெருவுல தமுக்கு அடிப்பாவளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கள் பக்கத்தில் வீட்டு வாசலில் தமுக்குச் சத்தம் கேட்டால் ஒரே அர்த்தம்தான், கடனில் மூழ்கிய வீடு. இது அது இல்லை, இதில் பங்குக்காரர்களும் ஏலம் கேட்கலாம், குறைந்தபட்ச விலையைக் கோர்ட்டே வைக்கும் என்று எவ்வளவோ சொன்னேன். "தமுக்கு தமுக்குதான்" என்றாள்.

சித்தி மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். இதையெல்லாம் கேட்டுவிட்டு, அங்கே இப்படி வழக்கு வந்தால் கோர்ட் ஒரு ரெஃப்ரியை நியமிக்கும் என்றான். விசில் ஊதுகிற ஆளா என்று கேட்டேன். இல்லையாம், விற்பதே அவர் பொறுப்பாம். புரோக்கரை வைத்து வெளிச்சந்தையில் நல்ல விலைக்கு விற்று, கோர்ட்டின் ஒப்புதல் வாங்கிப் பணத்தைப் பிரிப்பார். செலவைப் பங்குக்காரர்கள் ஏற்க வேண்டும். எங்களுக்கு அளக்க ஒருவர், விற்பதானால் அதற்குக் கோர்ட் ஏலம். விற்கக் கேட்டவன் பங்கை மற்றவன் மதிப்பு விலைக்கு வாங்கும் வழி அங்கேயும் உண்டாம், ஆனால் சட்டமாகிச் சில வருஷம்தான் ஆகிறதாம். நம்மிடம் அது வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்திருக்கிறது. நான்தான் காதில் வாங்கவில்லை.

அத்தான் மூன்றாவது பிரிவில் மனு போட்டுவிட்டார். பணத்துக்கு அவர் மருமகன் நின்றான்.

மதிப்புப் போட மறுபடியும் அதே கமிஷனர், கூட ஒரு இன்ஜினியர். அவர் தேக்கு உத்தரத்தை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். மனைக்கு ஒரு விலை, கட்டடத்துக்குத் தேய்மானம் போக ஒரு விலை, மரத்துக்குத் தனி விலை. மொத்தம் 36 லட்சம். எங்கள் பாதி 18 லட்சம். புரோக்கர் சொன்ன கணக்கில் 25 வந்திருக்க வேண்டும். ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் அம்மா, "கேஸே வேண்டாம், வாபஸ் வாங்கிரு" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. வக்கீலிடம் ஓடினேன்.

முடியாது என்றார். எதிர்த்தரப்பு வாங்கிக்கொள்ள மனு போட்ட பிறகு வாதி நினைத்தபடி வழக்கை வாபஸ் வாங்க முடியாது, வாங்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிட்டது என்று 1972-லேயே உச்ச நீதிமன்றம் ராமமூர்த்தி ஐயர் வழக்கில் சொல்லியிருக்கிறதாம். அத்தானை வெளியே தள்ள நான் திறந்த கதவு, எங்களைத் தள்ளுகிற கதவாகத் திரும்பியிருந்தது. சட்டத்தில் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டை வைத்துக்கொள்ள நினைக்கிறவனுக்கு முதல் வாய்ப்பு என்பது நியாயம்தான். என் வீடாக இல்லாமலிருந்தால் வகுப்பில் இதைப் பாராட்டியே பேசியிருப்பேன்.

எங்களைக் கொஞ்சம் காப்பாற்றியது சின்ன மாமா மகன். சென்னையிலிருந்து அவனும் ஒரு மனு போட்டான், எங்கள் பங்கைத் தான் வாங்குவதாக. இரண்டு பங்காளிகள் கேட்டால், மதிப்புக்கு மேலே யார் அதிகம் தருகிறானோ அவனுக்கு. கோர்ட் ஹாலில், ஜட்ஜ் அம்மா முன்னால், ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்து உருண்ட இரண்டு பேர் மாறி மாறி விலை சொன்னார்கள். பதினெட்டரை, பத்தொன்பது, பத்தொன்பதே முக்கால். அத்தான் ஒவ்வொரு தடவையும் திரும்பி மருமகன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். 21 லட்சத்து 25 ஆயிரத்தில் சின்ன மாமா மகன் தலையை ஆட்டி உட்கார்ந்துவிட்டான். அம்மாவுக்கு 10,62,500. சித்திக்கு 10,62,500. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா என் காதில், "யாரு வாங்கினா?" என்றாள். அத்தான் என்றேன். "நல்லது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

கமிஷனர் அறிக்கையின் நகலை வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 10 லட்சத்துக்கு ஒன்றும் சொல்லாதவள் 'உபயோகமற்ற கிணறு 1' என்ற வரியில் நிறுத்தச் சொன்னாள். "உபயோகமத்ததா? நாலு வீட்டுக்கு நான் தண்ணி எறைச்ச கெணறு. அந்தப் பிள்ளை எட்டியாவது பாத்தாளா?" பார்த்தார் என்றேன். கல்லைப் போட்டும் பார்த்தார், சத்தம் வர நேரமானது. அதைச் சொல்லவில்லை.

போன வாரம் சின்ன மாமா மகன் போன் பண்ணினான். அவன் பங்கு இப்போதும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. விற்கக் கேட்டவர்கள் நாங்கள், போனது எங்கள் பங்கு மட்டும். அத்தானிடம் முக்கால், இவனிடம் கால்.

"மைனி, நானும் ரெண்டாவது பிரிவுல விக்கச் சொல்லி மனு போடலாம்லா?"

"அதுக்குப் பாதி வேணும்ல. உனக்கு இருக்கது கால்தான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்டது.

"சரி மைனி, உங்க அத்தான் நம்பர் இருந்தா அனுப்புங்க" என்றான்.