வெள்ளியும் கறுப்பும்: ஒரு ஸ்டீல் ஃபிரேமின் பணிமேசைக் குறிப்புகள்

ஜனவரி 6

மேசையில் 1970களின் கடைசியில் செய்த இத்தாலிய ரோடு சைக்கிள் ஃபிரேம். கொலம்பஸ் எஸ்எல் என்ற ஸ்டீல் குழாய், மூட்டுகளில் லக் என்ற உலோக உறை வைத்துப் பற்றவைத்தது. வெர்னியரில் எடுத்த அளவுகள்: மேல் குழாய் 25.4 மி.மீ., கீழ்க் குழாயும் சீட் குழாயும் 28.6, சீட் போஸ்ட் 27.2, பின் சக்கரத்துக்கான இடைவெளி 126.

மாட்டிப் பார்க்க கிராங்க், கியர், பிரேக் அடங்கிய இரண்டு செட். ஒன்று அதே காலத்து இத்தாலியக் கம்பன்யோலோ நுவோவோ ரெக்கார்டு. இன்னொன்று கறுப்பு நிற 11 ஸ்பீட், ஜப்பானின் ஷிமானோ. பழசு அழகு, புதுசு அவலட்சணம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் வெர்னியர் வேறு கதை சொல்கிறது. இன்றைய ஃபோர்க்கிலிருந்து ஹேண்டில் வரை ஏறும் ஸ்டீயரர் குழாய் 28.6 மி.மீ. இந்த ஃபிரேமின் கீழ்க் குழாயும் அதே 28.6. அன்று ஃபிரேமுக்கே முதுகெலும்பாக இருந்த பருமன் இன்று ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்முக்குள் மறைந்து நிற்கிறது. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் இடம் 26.0 அல்லது 26.4 ஆக இருந்தது, இப்போது 31.8. கண்ணை உறுத்துவது வயதா, பருமனா என்பதுதான் பார்க்கவேண்டியது.

ஜனவரி 8

கிராங்க், அதாவது பெடல் மாட்டும் கை. பார்வை முதலில் போய் நிற்கும் இடம், அதனால் நிறைய நேரம் இதற்கே.

நம் ஊர் சைக்கிளில் கிராங்கை அச்சோடு பிடித்துவைப்பது கோட்டர் பின். ரெக்கார்டு கிராங்கில் அது கிடையாது. அச்சின் முனை நான்கு பக்கமாகச் சரிந்த சதுரம், அலுமினியக் கை அதன்மேல் இறுகி உட்காரும். கை திடமான வார்ப்பு அல்ல, அடித்துச் செய்த ஃபோர்ஜிங். மெலிந்த கை, நடுவில் நீளவாட்டில் ஒரு பள்ளம், பல் சக்கரத்தைத் தாங்கும் ஐந்து கால்கள். கால்களின் போல்ட் வட்டம் (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 144 மி.மீ.; அதில் மாட்டக்கூடிய மிகச் சிறிய பல் சக்கரம் 41 பல். 52க்கு 42 என்ற பழைய ஜோடி அழகாகத் தெரிவதற்கு இதுவும் காரணம். இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, கால்கள் குட்டை, நடுவில் நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் வழியே சீட் குழாய் தெரியும்.

ஷிமானோ நான்கு கால் கிராங்கைத் தன் உயர்தர ரோடு செட்டான டூரா-ஏஸ் 9000த்தில் 2012இல் கொண்டுவந்தது. போல்ட் வட்டம் 110. நான்கு கால்களும் சம இடைவெளியில் இல்லை. ஒரே கிராங்கில் 50-34 மாட்டலாம், 53-39 மாட்டலாம். கை உள்ளே வெற்று, அதனால் வெளியே தடிமன். அச்சு 24 மி.மீ. குழாய். ஃபிரேம் குழாய்க்குச் சொல்லும் கணக்கே இதற்கும்: சுவரை மெல்லியதாக்கி, விட்டத்தைப் பெருக்கினால் எடை ஏறாமல் விறைப்பு ஏறும். கார்பன் ஃபிரேமின் கீழ்க் குழாய் ஏன் தொடை கனத்துக்கு இருக்கிறதோ, அதே காரணத்தால்தான் இந்தக் கிராங்கும் இப்படி இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம். அதைக் கொண்டுவந்து 28.6 குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினால் மெலிந்த காலுக்கு பூட்ஸ் போட்ட மாதிரி.

ஜனவரி 9

மெருகுக்கு முன் விரிசல் சோதனை. நுவோவோ ரெக்கார்டு கிராங்கில் தெரிந்த பலவீனம் ஒன்று உண்டு: சங்கிலிப் பக்கக் கையும் அதற்கு இருபுறமும் உள்ள கால்களும் சேரும் கூர்மையான உள்மூலை. அந்த மூலையில் இழுவிசை குவியும், மயிரிழை விரிசல் அங்கேதான் தொடங்கும். கிரீஸை மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவி, சாய்வான வெளிச்சத்தில் 10 மடங்கு லென்ஸ். சந்தேகம் இருந்தால் வெல்டிங் கடைகளில் கிடைக்கும் சிவப்புச் சாயச் சோதனை ஸ்ப்ரே. சதுரத் துளையின் மூலைகளையும், பெடல் மரையைச் சுற்றியும் பார்க்கவேண்டும். விரிசல் கண்ட கிராங்கைச் சுவரில் மாட்டலாம், சைக்கிளில் மாட்டக்கூடாது. இந்த ஜோடி தப்பித்தது.

ஜனவரி 13

அலுமினிய மெருகு. பெரும்பாலோர் தப்பு செய்வது இங்கே.

முதலில் மேற்பரப்பு அனோடைஸ் செய்ததா, அதாவது மின்வழியில் ஆக்சைடு படலம் ஏற்றியதா என்று தெரியவேண்டும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனையையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். மின்சாரம் பாயவில்லை என்றால் அனோடைஸ் படலம் இருக்கிறது. அது மின்கடத்தாப் பொருள். அந்தப் படலத்தின்மேல் பிராஸோவை எவ்வளவு தேய்த்தாலும் அழுக்குதான் போகும், பளபளப்பு வராது.

படலத்தை எடுக்கக் காஸ்டிக் சோடா. ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 50 கிராம். சோடாவைத்தான் தண்ணீரில் போடவேண்டும், தண்ணீரைச் சோடாமேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி, திறந்த வெளி. ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பாத்திரம் பிளாஸ்டிக், அலுமினியச் சட்டி என்றால் சட்டியையே தின்றுவிடும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிப் பார்க்கவேண்டும். குமிழி சீராக, வேகமாக வந்தால் படலம் போய்விட்டது. இன்னும் விட்டால் உலோகம் அரித்துக் குழி விழும். மேலே படியும் கறுப்புப் பொடி, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போகும்.

அதன்பின் நீர் போட்டுத் தேய்க்கும் எமரித் தாள்: 400, 600, 1000, 2000. ஒவ்வொரு நிலையிலும் முந்தைய கீறலுக்குக் குறுக்கே தேய்க்கவேண்டும். பழைய கீறல் மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். 400இலிருந்து நேரே 1500க்குத் தாவினால், பஃபிங் முடிந்தபிறகு ஆழமான கோடுகள் கண்ணாடிக்குள் நின்று சிரிக்கும். கடைசியில் துணிச் சக்கரமும் மெருகுச் சோப்பும்.

முடிந்தபின் கிளியர் லாக்கர் அடிக்கவேண்டாம். கல் பட்ட இடத்தில் உரிந்து, ஓரத்தில் மஞ்சளாகி, பிறகு முழுதையும் சுரண்டவேண்டி வரும். கார்னவ்பா மெழுகு போதும். வியர்வையும் மழையும் மங்கவைக்கும், சில மாதத்துக்கு ஒருமுறை துடைத்துக்கொள்ளவேண்டியதுதான்.

ஜனவரி 14

நேற்று எழுதியதற்கு ஒரு எச்சரிக்கை. மேற்சொன்னது அடையாளம் இல்லாத பாகங்களுக்கு, அடிபட்ட ஸ்டெம்முக்கு, கீறிய சீட் போஸ்டுக்கு. ரெக்கார்டு கிராங்கைக் கண்ணாடியாக்குவது பாவம். தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே அது கண்ணாடி இல்லை. மெல்லிய பட்டுத்துணியின் மினுக்கம்தான். தேய்க்கத் தேய்க்க எழுத்தின் விளிம்பு மழுங்கும். பின் கியர் மாற்றியில் ‘பேடன்ட் 77’ என்பதுபோல் ஆண்டு எழுதியிருக்கும், ஹப் பூட்டு நட்டுகளிலும் ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் இருக்கும். வயதைச் சொல்லும் சாட்சிகளே அவைதான். கிராங்குக்குச் சோப்புத் தண்ணீர், மெழுகு, அவ்வளவே.

ஜனவரி 20

கியர் மாற்றிகள். கம்பன்யோலோவின் பின் மாற்றி 1963 ரெக்கார்டில் குரோம் பூசிய வெண்கலம், 1967 நுவோவோ ரெக்கார்டில் அலுமினியம். வடிவம் ஏறக்குறைய ஒன்றே: ஒரு இணைகரம், இரண்டு குட்டிச் சக்கரம், எங்கே எது அசைகிறது என்று குழந்தைக்கும் புரியும். வேலையில் சிறந்தது அது அல்ல. ஜப்பானின் சன்டூர் 1964இலேயே இணைகரத்தைச் சாய்த்து வைத்தது. மேல் சக்கரம் ஃப்ரீவீலின் சரிவை ஒட்டியே நகர்ந்ததால் மாற்றம் துல்லியம். சன்டூரின் காப்புரிமை 1984இல் முடிந்ததும் மற்றவர்களும் அந்தச் சாய்வுக்கு வந்தார்கள். அழகில் இத்தாலி, வேலையில் ஜப்பான் என்று அந்தக் காலத்துக்குச் சொல்லலாம். பிரான்சின் சிம்ப்ளெக்ஸ் டெல்ரின் பிளாஸ்டிக்கில் செய்ததைப் பற்றி இரண்டு பக்கமும் பேசாமல் இருப்பதே மரியாதை. அந்தப் பிளாஸ்டிக் உடல் இப்போது தொட்டால் விரிகிறது.

ஷிமானோ, டூரா-ஏஸ் 7400இல் 1984இல் கிளிக் கிளிக்கென்று நிற்கும் எஸ்ஐஎஸ் கியர் மாற்றும் முறையைக் கொடுத்தது. லீவர் அப்போதும் கீழ்க் குழாயில்தான். 1990இல் அதை பிரேக் லீவருக்குள் நுழைத்தபோது ஹேண்டில்பார் கனத்தது, குழாய் மொட்டையானது. வடிவத்தில் அதைவிடப் பெரிய மாற்றம் இன்றுவரை இல்லை என்பது என் கணிப்பு.

ஜனவரி 27

பிரேக். ரிம்மைக் கவ்வும் பழைய ரெக்கார்டு காலிப்பர் நடுவில் ஒரே அச்சு, இரண்டு மெல்லிய கரம். நிறுத்தும் சக்தி சுமார். இன்றைய இரட்டை அச்சுக் காலிப்பர் பருமன், ஆனால் பிடிக்கும்.

அழகுக்காக எல்லாவற்றையும் கொடுத்த பிரேக் என்றால் கம்பன்யோலோ டெல்டா. 1985இல் வந்தது. முக்கோண மூடிக்குள் ஒரு இணைகரப் பொறி. கேபிள் நேராக மேலிருந்து இறங்கும், வெளியே ஒரு திருகும் தெரியாது. எடை அதிகம், லீவர் பயணத்தில் இழுவிசை சீராக இருக்காது, பேட் தேய்ந்ததும் சரிசெய்ய மூடியைக் கழற்றவேண்டும், அதோடு உள்ளே 3.5 மி.மீ. ஆலன் சாவி வேண்டும். சாதாரணச் சாவிக் கொத்தில் அந்த அளவு இருக்காது. இன்றைய ஹெட்செட்டுக்குள் ஓடும் கேபிள் அதற்குப் பேரன்: வெளியே சுத்தம், ஆனால் மேல் பேரிங் மாற்ற பிரேக் ஹோஸைக் கழற்றி, திரும்ப எண்ணெய் ஏற்றி, காற்றை வெளியேற்றவேண்டும். எல்லாவற்றையும் மறைக்கும் மோகத்துக்கு நவீனம் மட்டும் பொறுப்பு இல்லை.

பிப்ரவரி 3

கறுப்பு செட்டைத் தற்காலிகமாக மாட்டியாகிவிட்டது. 130 மி.மீ. ஹப்பை 126 இடைவெளியில் கையால் விரித்தே நுழைக்கலாம், பக்கத்துக்கு 2 மி.மீ. நிரந்தரமாக வேண்டுமென்றால் சூடாக்காமல் வளைக்கும் ‘கோல்டு செட்’ முறை: பக்கம் பக்கமாக வளைத்து, ஹெட் குழாயிலிருந்து, பின் அச்சு உட்காரும் இரண்டு டிராப்அவுட்டுக்கும் நூல் கட்டி, நூலுக்கும் சீட் குழாய்க்கும் நடுவே இருபுறமும் ஒரே தூரமா என்று அளக்கவேண்டும். கடைசியில் டிராப்அவுட்டுகளை இணையாக்காவிட்டால் அச்சு வளைந்து உடையும். ஸ்டீலுக்கு மட்டும் இது. அலுமினியத்தையும் கார்பனையும் தொடக்கூடாது.

கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் இத்தாலிய மரை: 36 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை, அகலம் 70. இரண்டு பக்கமும் வலது மரை. அதனால் சங்கிலிப் பக்கக் கிண்ணம் ஓடஓடத் தளரும். கிரீஸைத் துடைத்து மரைப்பசை போட்டு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் முடுக்கவேண்டும். கிராங்கின் இரண்டு போல்ட்டும் 12 முதல் 14.

பிரேக்கில் சிக்கல்: புதிய காலிப்பரின் உள்ளடங்கிய நட்டுக்கு 8 மி.மீ. துளை வேண்டும், பழைய ஃபோர்க்கில் 6தான். பின்புறத் துளையை மட்டும் பெரிதாக்குவார்கள். இந்த ஃபிரேமில் குரோம் ஃபோர்க், துளைக்கவில்லை. பழைய காலிப்பரே இருக்கட்டும்.

பார்வைக்கு? கிராங்கும் 50 மி.மீ. ஆழ ரிம்மும் ஃபிரேமை விழுங்கிவிட்டன. ஆச்சரியமாக, கறுப்பு லீவர்கள் உறுத்தவில்லை. கறுப்பு டேப்போடு கலந்துவிடுகின்றன. உறுத்துவது கறுப்பு நிறம் அல்ல, பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றியுள்ள கனம்தான்.

பிப்ரவரி 4

அதனால் சோதனை எண் இரண்டு. கறுப்பு லீவர், கறுப்பு பின் மாற்றி அப்படியே. கிராங்க் மட்டும் வெள்ளி ரெக்கார்டு, பல் சக்கரம் 52-42. ரிம் 36 போக்ஸ் கம்பிப் பெட்டி ரிம். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. 11 ஸ்பீடின் ஒடுங்கிய சங்கிலி பழைய இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விழுந்து சுழலும் அபாயம் உண்டு. 8 ஸ்பீட் செட்டும் அதன் சங்கிலியும் என்றால் அந்தத் தொல்லை இல்லை. வெள்ளியிலேயே புதிது வேண்டுவோருக்கு ஷிமானோ 105 ஆர்7000 வெள்ளியிலும் வந்தது, ஸ்டெம்முக்கும் பாருக்கும் ஜப்பானின் நிட்டோ.

பிப்ரவரி 11

இத்தாலியில் டஸ்கனியின் கயோலே இன் கியாந்தியில் 1997 முதல் நடக்கும் லெரோயிகா என்ற பழைய சைக்கிள் பவனியின் விதிகளைப் படித்தால், பழைய தோற்றம் என்பதன் இலக்கணமே கிடைக்கும்: முக்கியமாக ஸ்டீல் ஃபிரேம், கீழ்க் குழாயில் கியர் லீவர், பெடலில் காலைப் பிடிக்கும் டோ கிளிப்பும் பட்டையும், டேப்புக்கு வெளியே வளைந்து வரும் பிரேக் கேபிள், குறைந்தது 32 போக்ஸ் கம்பி. இந்தப் பட்டியலில் வர்ணம் இல்லை.

அந்த கேபிள் வளைவில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இரண்டு வளைவும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, இழுபடாத அளவுக்கு மட்டும் உறையின் நீளம். வெட்டியபின் முனையை அரத்தால் தட்டையாக்காவிட்டால் பிரேக் பஞ்சுபோல் அமுங்கும்.

பிப்ரவரி 17

பருத்தி டேப், கீழ்முனையிலிருந்து மேலே. மூன்றில் ஒரு பங்கு மேலேற்றம். நுனியைச் சணல் நூலால் கட்டி, மேலே அரக்கு. தச்சர்கள் மரச்சாமானுக்குப் பூசும் அதே அரக்குதான்: செதில்களை ஸ்பிரிட்டில் ஒரு இரவு ஊறவைத்து, வடிகட்டி, மென் தூரிகையால் பூசவேண்டும். வெள்ளை டேப் முதல் பூச்சில் தேன் நிறம், மூன்றாவதில் பழுத்த புளியங்கொட்டை. பூச்சுக்குப் பூச்சு குறைந்தது இரண்டு மணி நேரம். ஈரக் காற்றில் பூசினால் வெளிறிப் பனி படிந்ததுபோல் ஆகும். லீவரின் ரப்பர் உறையில் பட்டால் போகாது, முன்பே துணி சுற்றிக்கொள்ளவும்.

இரண்டு பூச்சு முடிந்தது. மூன்றாவது நாளைக்கு, வெயில் ஏறியபின்.