எதை டிக் பண்ணணும் டீச்சர்?

என் கொழுந்தன் மகள் எம்.எட். ஆய்வுக்காகக் கேள்வித்தாள் கட்டோடு எங்கள் பாம்பன் பள்ளிக்கு வந்தாள். பிள்ளைகளுக்கு அறிவியல், கணக்கு படிப்பதில் எவ்வளவு ஊக்கம் என்று அளக்க வேண்டுமாம். ஷான் க்ளின் என்ற ஆய்வாளரின் குழு 2011-ல் கல்லூரி மாணவர்களுக்காகத் திருத்திய 25 வாக்கியப் பட்டியலை ஒன்பதாம் வகுப்புக்கு எளிமையாக்கியிருந்தாள். 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'எப்போதும்' என்றால் 4. ஆர்வம், தன்னம்பிக்கை, சுயமுயற்சி, மார்க், வேலை என்று ஐந்து பிரிவு.

பெயர் எழுத வேண்டாம் என்றாள். உடனே முதல் பெஞ்சிலிருந்து, "எதை டிக் பண்ணணும் டீச்சர்?"

வேலைப் பிரிவில் கிட்டத்தட்ட எல்லாரும் 4. கலாம் பிறந்த தீவு இது. ஆண்டுவிழா மேடையில் 'விஞ்ஞானி ஆவேன்' என்று சொல்லாத பிள்ளை உண்டா? அதுவும் கணக்கு டீச்சர் நான் எதிரே நிற்கும்போது!

அன்று வராதவர்களை யார் கணக்கில் எடுப்பது? ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன வாரம் அது. கடைசி பெஞ்சு பாதி காலி.

"சராசரி 3-க்கு மேல வருது பெரியம்மா, நல்லதுதானே?" என்றாள். டிம்ஸ் என்னும் சர்வதேசத் தேர்வில் ஜப்பான், தென்கொரியப் பிள்ளைகள் கணக்கில் முன்வரிசை. 'கணக்கு பிடிக்குமா' என்று கேட்டால் பல நாடுகளுக்குப் பின்னால் நிற்பார்கள். ஆனால் ஒரே நாட்டுக்குள், பிடிக்கும் என்பவர்களே பொதுவாகக் கூடுதல் மார்க் வாங்குகிறார்கள். வெறும் 3-ஐ வைத்து என்ன சொல்ல?

எனக்குப் பிடித்தது உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-ல் செய்த சோதனை. சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்துவிட்டு, நடுவே ஆய்வாளர் வெளியே போய்விடுவார். பக்கத்தில் பத்திரிகைகளும் கிடக்கும். யாரும் சொல்லாமலே புதிரில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதுதான் அளவு.

சரி என்று நாங்களும் கரும்பலகை மூலையில் ஒரு கேள்வி எழுதினோம்: புதிய பாம்பன் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குத் துண்டு 17 மீட்டர் மேலே போக, கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை எவ்வளவு இருந்தால் மோட்டாருக்கு வேலை குறையும்? மார்க் கிடையாது. யாரையும் கேட்கவுமில்லை. இரண்டு நாள் கழித்து, வகுப்பில் வாயே திறக்காத பெண் ஒருத்தி ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். "துண்டோட எடை மட்டும் போதுமா டீச்சர், கயிறோட எடையும் சேருமா?"

அவள் தாளில் என்ன போட்டிருந்தாள் என்று பார்க்க வழியில்லை, பெயர்தான் இல்லையே. அடுத்த முறை ரகசிய எண் போடுவது, நான் வகுப்பில் நிற்காமல் இருப்பது, வராதவர்களுக்கு இன்னொரு நாள் கொடுப்பது என்று பேசியிருக்கிறோம். கரும்பலகைக் கேள்வியையும் ஆய்வில் சேர்க்க கொழுந்தன் மகளுடைய கைடு சம்மதிக்க வேண்டும்.