ஊருணிக்கரை டைரி

டிசம்பர் 25
அரைப்பரீட்சை லீவுக்கு அக்கா பிள்ளைங்க வந்திருக்காங்க, காலையிலேயே ரெண்டு பேரையும் ஊருணிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். ஐப்பசி கார்த்திகை மழையில நாலு படி முங்கிக் கெடக்கு. கம்புல கட்டின டீ வடிகட்டி, ஒரு வெள்ளை பேசின், பழைய லென்ஸ், அவ்வளவுதான் சாமான். வெள்ளை பேசின்தான் முக்கியம், தண்ணிய மோந்து ஊத்தி ரெண்டு நிமிஷம் தெளிய விட்டா, குப்பைன்னு நெனச்சதுல பாதி நீந்த ஆரம்பிச்சிருது.

டிசம்பர் 26
இன்னைக்கு சிக்குனது தட்டானோட குஞ்சு. பெரியவ நம்பவே இல்ல, "றெக்கையே இல்லயே சித்தி"ங்குறா. பேசின்ல கொசுப்புழுவும் இருந்துச்சு, அது கிட்ட வந்ததும் மடக்கி வச்சிருந்த கீழ் உதட்ட சடார்னு நீட்டி கவ்விருச்சு பாருங்க, மூணு பேரும் ஒண்ணா கத்திட்டோம். செவுளும் அதுக்கு வயித்துக்குள்ள பின்பக்கந்தான், பின்னாடி வழியா தண்ணிய உறிஞ்சி பீச்சி அடிச்சு ராக்கெட் மாதிரி முன்னாடி பாயுது.

டிசம்பர் 28
இன்னைக்குப் பார்த்தத மட்டும் நான் மறக்கவே மாட்டேன். தட்டையா பழுப்பா ஒரு தண்ணிப்பூச்சி, முதுகு பூரா கம்பு மணிய நிப்பாட்டி ஒட்டுன மாதிரி முட்டை. "பாவம் சித்தி, அம்மா பூச்சி எவ்வளவு சுமக்குது"ன்னான் சின்னவன். அம்மா இல்லடா, அப்பான்னேன். பொட்டைப்பூச்சி ஆண் முதுகுலதான் முட்டைய ஒட்டிட்டுப் போகும், பொரியுற வரைக்கும் இவருதான் சுமக்கணும், முட்டைக்குக் காத்து படணும்னு அப்பப்ப மேல வந்து முதுக வெளிய காட்டிட்டு நிப்பாரு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எங்கப்பாவும் திருவிழாவுல என்னய இப்படித்தான் தூக்கிட்டுப் போனாரு"ன்னான். கடிச்சா நல்லா வலிக்கும்ங்குறதால கையில தொட விடல, பேசினோட சாய்ச்சு எடுத்த எடத்துலயே விட்டுட்டோம்.

டிசம்பர் 30
கொசு வருது, ஊருணியில மருந்து ஊத்தணும்னு பக்கத்துல ஒருத்தர் சொல்லிட்டே இருக்காரு. எனக்கு மனசே ஆறல. மருந்து ஊத்துனா கொசுப்புழுவத் திங்குற தட்டான் குஞ்சும் தண்ணிப்பூச்சியும் சேர்ந்து சாகும், கொசு ஒரு வாரம் பத்து நாள்ல திரும்பப் பெருகிரும், இதுங்க அவ்வளவு சீக்கிரம் வராது. பெரியவதான் அவர கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து பேசினக் காட்டுனா. குத்த வச்சு ரொம்ப நேரம் பார்த்தாரு, ஒண்ணும் சொல்லல.

ஜனவரி 1
நாளைக்கு ஊருக்குக் கெளம்புறாங்க. சின்னவன் அப்பா பூச்சியத் தேடித் தேடி பார்த்தான், கண்ணுல படல. கோரைத்தண்டுல ஒரு காஞ்ச கூடு ஒட்டிட்டு இருந்துச்சு, முதுகு வெடிச்சு, உள்ள காலி. தட்டான் பறந்து போயிருச்சு! தீப்பெட்டியில பஞ்சு வச்சு பத்திரமா எடுத்துக்கிட்டான்.