குவாதலூப்பில் பத்து நாள்: மழை, எரிமலை, ஒரு பேராமை

குவாதலூப் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு பட்டாம்பூச்சி இறக்கை விரித்து உட்கார்ந்திருப்பது போலிருக்கும். இடது இறக்கைக்குப் பாஸ்-தேர் என்று பெயர். பிரெஞ்சில் 'தாழ்ந்த நிலம்'. அந்தத் தாழ்ந்த நிலத்தில்தான் 1,467 மீட்டர் உயரத்துக்கு எரிமலை நிற்கிறது. வலது இறக்கை கிராந்த்-தேர், அதாவது 'பெரிய நிலம்'. இரண்டில் அதுதான் சின்னது, தட்டையும்கூட. "பேர் வெச்சவன் ரம் குடிச்சிட்டு வெச்சிருப்பான்" என்றார் என் வீட்டுக்காரர். காற்று அடிக்காத ஒதுக்கமான பக்கத்தைத்தான் பழைய மாலுமிகள் 'தாழ்ந்த' என்று சொல்வார்களாம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் ரம் காரணம்தான் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது.

பிப்ரவரி பள்ளி விடுமுறை. பாரீஸில் மூன்று டிகிரி. ஒர்லி விமான நிலையத்தில் ஏறி எட்டரை மணி நேரம் கழித்து இறங்கினால் முப்பது டிகிரி, அதே யூரோ, அதே ரொட்டிக்கடை, அதே மஞ்சள் தபால் பெட்டி. கரீபியன் கடலின் கிழக்கு விளிம்பில் இருந்தாலும் இது பிரான்ஸின் ஒரு மாவட்டம். பிரான்ஸில் இருக்கும் எங்களுக்கு விசா வேலை எதுவும் கிடையாது. கார் மட்டும் முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தை நம்பி இந்தத் தீவைச் சுற்ற முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் காரைக்கால்காரி. வீட்டிலிருந்து கடற்கரை நடந்து போகும் தூரம். ஆனாலும் நாற்பத்தாறு வயது வரை கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. "பொம்பளைப் புள்ளைக்குக் கடல்ல என்ன வேலை" என்பாள் ஆயா. 2004 டிசம்பருக்குப் பிறகு அந்த ஆசையும் போய்விட்டது. மகனுக்குப் பதினான்கு வயது. அவனோ ஒரே குறியாக, "ஆமையோட நீந்தணும்மா" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதல் மூன்று நாள் கிராந்த்-தேரின் தென்கரையில் தங்கினோம். படத்தில் பார்த்த வெள்ளை மணல் அங்கே இருந்தது. அதன்மேல் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பு நிறக் கடற்பாசியும் இருந்தது. சர்காசும் என்கிறார்கள். 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து மிதந்து வந்து ஒதுங்குகிறதாம். கரையில் கிடந்து அழுகும்போது அழுகிய முட்டை நாற்றம். காற்றின் திசையைப் பொறுத்து ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. எங்களுக்கு வந்த வாரம். தென்கரையில் அறை போடுகிறவர்கள் கிளம்பும் முன் சர்காசும் முன்னறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

நான்காம் நாள் மலைப்பக்கம் மாறினோம். சுற்றுலாவே அங்கேதான் தொடங்கியது என்பேன்.

சூஃபிரியேர் எரிமலையை ஊர்க்காரர்கள் 'கிழவி' என்கிறார்கள், பயமும் செல்லமுமாக. எங்களுக்கு அறை கொடுத்த அம்மாவுக்கு 1976-ல் ஒன்பது வயது. அந்த வருஷம் ஜூலையில் கிழவி புகையும் சாம்பலும் கக்கத் தொடங்கினாள். ஆகஸ்டில் மலையடிவாரத்திலிருந்து 70,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். பாரீஸிலிருந்து வந்த விஞ்ஞானிகளில் குளோத் அலேக்ரு பெரிய வெடிப்பு வரும் என்றார், ஆரூன் தாஸியேவ் வராது என்றார். பத்திரிகையில் சண்டை நாறியது. மாதக்கணக்கில் ஊர் காலியாகக் கிடந்தது. பெரிய வெடிப்பு வரவேயில்லை. "அத்தை வீட்டுல ஒரே அறையில பதினோரு பேர் இருந்தோம். திரும்பி வந்தா கோழிகள் மட்டும் இல்ல" என்றார் அந்த அம்மா.

காலை ஆறரைக்கே பேன்-ழோன் என்ற இடத்தில் காரை நிறுத்தினோம். 'மஞ்சள் குளியல்' என்று அர்த்தம். எரிமலைச் சூட்டில் வெதுவெதுப்பாக வரும் நீரைக் கல்தொட்டியாகக் கட்டித் தேக்கி வைத்திருக்கிறார்கள். போகும்போது அதை ஏக்கமாகப் பார்த்துவிட்டு ஏறினோம். முதல் பாதி காட்டுக்குள். பாசி படிந்த கல்பாவிய பாதை, மரத்தின் மேல் மரம், அதன் மேல் கொடி, எல்லாவற்றிலும் சொட்டும் தண்ணீர். பாம்பு இருக்குமோ என்று கம்பால் தட்டிக்கொண்டே நடந்தேன். எதிரே இறங்கி வந்தவர் சிரித்தார். விஷப்பாம்பு பக்கத்துத் தீவான மார்ட்டினிக்கில்தானாம், இங்கே கிடையாதாம். கம்பை வைத்துக்கொண்டேன், முட்டிக்கு உதவும்.

காடு முடிந்ததும் மரமே இல்லாத திறந்தவெளி. அங்கிருந்து எரிமலையின் இடுப்பைச் சுற்றி ஏறுகிற தடத்துக்குப் 'பெண்கள் பாதை' என்று பெயர். எந்தப் பெண்ணைக் கேட்டு வைத்தார்களோ! வழுக்குப் பாறை, சேறு, முகத்தில் ஊசியாய்க் குத்தும் மழை. உச்சியில் ஆண்டுக்குப் பத்து மீட்டர் வரை மழை கொட்டுமாம். எங்கள் ஊரில் ஒன்றரை மீட்டர் பெய்தாலே நல்ல வருஷம். பாரீஸ் குளிருக்குத் தப்பி வந்தவள் வெப்பமண்டலத் தீவின் உச்சியில் பல் கிட்டி நின்றேன். ஒரு பக்கம் மார்ட்டினிக் வரை தெரியும் என்று படித்திருந்தேன். எனக்கு என் மகனே தெரியவில்லை, அவனுடைய சிவப்புச் சட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஆனால் சத்தம் கேட்டது. மேகத்துக்குள் எங்கோ பிரஷர் குக்கர் விசில் அடங்காமல் அடிப்பது போல ஆவி சீறிக்கொண்டே இருந்தது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். மூன்று நாள் கடற்கரையில் முகர்ந்த அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு! நச்சு ஆவி வரும் பகுதியைக் கயிறு கட்டித் தடுத்திருக்கிறார்கள். அதைத் தாண்டாதீர்கள். கால் மணி நேரத்துக்கு மேல் அங்கே நிற்க யாருக்கும் தோன்றவில்லை.

இறங்கி வந்து அந்தக் கல்தொட்டியில் சேறோடு சேறாக விழுந்தேன். கழுத்து வரை தண்ணீர். "அம்மா, இது முழங்காலுக்கு மேல" என்றான் மகன். இது கடல் இல்லையே என்று சமாளித்தேன்.

மறுநாள் கார்பே அருவி. மூன்று அருவிகள், அடுக்கடுக்காக. 1493-ல் கொலம்பஸின் கப்பல் வரும்போது கடலிலிருந்தே இந்த அருவி தெரிந்ததாம். இரண்டாவது 110 மீட்டர். பார்வை மேடைக்கு இருபது நிமிட நடைதான், வயதானவர்களும் போகலாம். 2004 நவம்பரில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு பாறை சரிவதால் அடிவாரம் வரை விடுவதில்லை. குற்றாலம் மாதிரி தலையைக் கொடுத்து நிற்கலாம் என்று எண்ணெய் தேய்க்காத குறையாகப் போன என் வீட்டுக்காரர் வாடிவிட்டார்.

மலையிலிருந்து இறங்கினால் கப்பெஸ்தேர். இருபுறமும் வாழைத்தோட்டம். எங்கள் பக்கத்து வாழைக்கொல்லைபோல இருந்தாலும் அதன் நடுவே ஓடும் ஆற்றில் மீன் பிடிக்கத் தடை. 1993 வரை வாழைக்கு அடித்த குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்து மண்ணில் இன்னும் இருக்கிறது. சந்தையில் ஓர் அம்மா வாழைத்தார் விற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோலில் சரமாரியாகப் பேசினார். விழித்தேன். பிரெஞ்சுக்கு மாறி, "இந்த ஊர் இல்லையா? சேன்-ஃபிரான்சுவா பக்கத்துப் பெண்ணோ என்று நினைத்தேன்" என்றார். இந்தப் பயணம் முழுக்க இப்படித்தான். வண்டி வாடகைக் கடையில், ரொட்டிக்கடையில், எல்லா இடத்திலும் என்னை உள்ளூர்க்காரியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854 முதல் 1889 வரை 42,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். அதில் நிறையப் பேர் பாண்டிச்சேரியிலும் எங்கள் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள். கப்பெஸ்தேருக்குப் பக்கத்தில் ஷான்ழி என்ற இடத்தில் நெடுஞ்சாலை ஓரமாகவே கோவில் இருக்கிறது, பொம்மைகளுக்கெல்லாம் புத்தம்புது வண்ணம். உள்ளே இருப்பவள் மாரியம்மன். இங்கே 'மாலியெமென்' என்கிறார்கள். பேச்சு மொழியாகத் தமிழ் போய்விட்டது. பெயர்களில் மட்டும் மிச்சம்: ராமசாமி, முத்துசாமி, வீரப்பன், எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் நெளிந்து. அந்த ஊர்க்காரரான ஆன்ரி சிதம்பரோம், இந்தியர்களின் பிள்ளைகளுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று 1904-ல் தொடங்கி 1923 வரை வழக்காடியவர். சிதம்பரம்தான் சிதம்பரோம். நான் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது கோவிலைக் கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் தேங்காய் ஓட்டில் குங்குமம் நீட்டினார். எங்களிருவருக்கும் பொதுவாக இருந்த சொல் 'அம்மா' ஒன்றுதான்.

இல்லை, இன்னொன்றும் இருந்தது. மதியம் சாலையோரக் கடையில் 'கொலொம்போ' வாங்கினோம். மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம் அரைத்த பொடியில் செய்த ஆட்டுக்கறிக் குழம்பு. குழம்புதான் கொலொம்போ ஆயிற்று என்பவர்களும் உண்டு, கொழும்பு ஊரின் பெயர் என்பவர்களும் உண்டு. காரம் மட்டும் இல்லவே இல்லை. பக்கத்தில் தனியாக வைத்திருந்த மிளகாயை, பார்ப்பதற்குக் குட்டிக் குடைமிளகாய் போலிருந்ததை, முழுசாகக் கடித்துவிட்டு இவர் பட்ட பாட்டை எழுதினால் அவர் இந்தக் கட்டுரையைப் பகிர மாட்டார்.

லே சேந்த் தீவுகளுக்கு ஒரு நாள் போய் வந்தோம். த்ருவா-ரிவியேரிலிருந்து படகில் இருபது நிமிடம். கோட்டை, ஓணான்கள், தேங்காய் வைத்த இனிப்பு. படம் எடுக்க அருமையான இடம், கூட்டமும் அப்படியே.

கடைசி மூன்று நாள் மேற்குக் கரை. தெஹேவின் பெரிய கடற்கரையில் மணல் பொன்னிறம், பாசி வாடையே இல்லை. பாயை விரித்து உட்கார்ந்த பத்தாவது நிமிடம் மழை. நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்து மரத்தடிக்கு ஓடினேன். ஐஸ் விற்றுக்கொண்டிருந்த கிழவி, மரவாளியைச் சுற்றுவதை விட்டுவிட்டுக் கத்தினாள் பாருங்கள், கடற்கரையே திரும்பியது. மரத்தைப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றிச் சிவப்புப் பட்டை. கீழே பச்சை நிறத்தில் சின்னச் சின்ன ஆப்பிள் போலப் பழங்கள். மான்செனியே என்ற மரம். இதன் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளம் போடும், மழையில் இலையிலிருந்து சொட்டும் நீரே போதும். பழத்தைத் தின்றால் ஆஸ்பத்திரிதான். பிச்சாவரத்தில் படகுக்காரர் தில்லை மரத்தைக் காட்டி, "பால் பட்டா கண்ணு போயிடும்மா" என்று எச்சரித்தது நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். நனைந்துகொண்டே போய் அந்தக் கிழவியிடம் மூன்று தேங்காய் ஐஸ் வாங்கினேன். ஜாதிக்காயும் எலுமிச்சைத் தோலும் மணத்தது. காசு வாங்கும்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

பிறகு மலாந்தூர். கறுப்பு மணல், எதிரே இரண்டு குட்டித் தீவுகள். பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் பெயரால் வழங்கும் கடற்காப்பகம் அது. தண்ணீருக்கடியில் அவருடைய மார்பளவுச் சிலைகூட உண்டு, முக்குளிப்பவர்கள் போய்த் தொட்டுவிட்டு வருகிறார்கள். எனக்கு அவ்வளவு வேண்டாம். கரையோரப் புல்வெளியில் ஆமை மேய வரும், நின்று பார்த்தாலே போதும் என்றார்கள். கண்ணாடி, மூச்சுக்குழல், கூடவே ஒரு நீள மிதவை வாடகைக்குக் கொடுத்தார் கடைக்காரர். அந்த மிதவைக்குப் பிரெஞ்சில் 'உருளைக்கிழங்கு வறுவல்' என்றுதான் பெயர். ஒரு வறுவலை நம்பி உயிரை ஒப்படைத்தேன்.

முழங்கால். இடுப்பு. மார்பு. மகன் கையைப் பிடித்திருந்தான். முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் மூச்சு நின்றுவிட்டது. எழுந்துவிட்டேன். இரண்டாவது முறையும் எழுந்தேன். மூன்றாவது முறை என் மூச்சின் சத்தம் எனக்கே கேட்டது. புர், புர் என்று, உறங்குகிறவர் குறட்டைபோல. அப்புறம்தான் கீழே பார்த்தேன்.

காரைக்கால் கடற்கரையில் சின்ன வயதில் ஆமை பார்த்திருக்கிறேன். எல்லாம் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகள், ஈ மொய்த்தபடி. உயிருள்ள கடல் ஆமை இதுதான் முதல். பேராமை. ஓட்டின் மேல் இரண்டு குட்டி மீன்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மாடு மேய்வது போலவே தலையை ஆட்டிப் புல்லைப் பிடுங்கியது, மென்றது, மணல் புகைந்தது. பிறகு அவசரமே இல்லாமல் மேலே வந்து, எனக்கு இரண்டு கை தூரத்தில் மூக்கை நீட்டி 'ப்ஹா' என்று ஒரு பெருமூச்சு விட்டது. நானும் விட்டேன். தொடக் கூடாது, துரத்தக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தொடுகிற நிலையில் நான் இல்லை.

சாயங்காலம் பக்கத்து ஊர் பூயாந்த். 'கொதிக்கிறவள்' என்று அர்த்தம். அங்கே நிலத்தடி வெந்நீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். ஓரிடத்தில் வெந்நீர் கடலோடு கலக்கிறது. ஊர்ச்சனம் வேலை முடிந்து வந்து கழுத்தளவில் உட்கார்ந்து கதை பேசுகிறது. நானும் போய் உட்கார்ந்தேன். ஒரு காலில் வெந்நீர், ஒரு காலில் கடல் நீர். பக்கத்திலிருந்த அம்மா கிரியோலில் ஏதோ கேட்டார். இந்த முறை மறுக்காமல் தலையாட்டினேன்.

அறைக்கு வந்து மகனிடம் ஆமைப் படம் கேட்டேன். நாற்பத்திரண்டு எடுத்திருந்தான். ஒன்றில்கூட ஆமையின் முகம் இல்லை. நாற்பத்தொன்றில் என் கால். மிச்சம் ஒன்றில் அந்த வறுவல்.