அம்மாவின் சீனி வருத்தத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு என்டோகிறைன் டொக்டரைத் தெரிந்தெடுத்த அனுபவம்

அம்மாவுக்குச் சலரோகம் வந்து கனகாலம். மெட்போமின், கிளிக்லசைட் குளிசைகள் போதாமல், மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 9ஐத் தாண்டியபோது காலையும் மாலையும் இன்சுலின் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் விடியப்புறத்தில் வியர்த்து நடுங்கத் தொடங்கினார். குத்திப் பார்த்தால் 58. 70க்குக் கீழே போனாலே உடனே சீனி கரைத்துக் கொடுத்து, கால்மணித்தியாலத்தால் திரும்பவும் பார்க்க வேண்டும். இது அடிக்கடி வரவே, எங்கள் குடும்ப வைத்தியர், இனி அகஞ்சுரப்பியியல் (என்டோகிறைன்) நிபுணர் ஒருவர் பார்ப்பதுதான் நல்லது என்று கடிதம் எழுதித் தந்தார். சலரோகம் உள்ள எல்லாருக்கும் இது தேவையில்லை, பலருக்குப் பொது வைத்திய நிபுணரே போதும். முதலாம் வகை, கர்ப்பகாலம், இன்சுலின் போட்டும் ஏறி இறங்குகிற சீனி, இப்படியானவர்களுக்குத்தான் பெரும்பாலும் வேண்டும்.

யாரிடம் போவது? ஊரில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், கனடாவிலிருந்து பெரியம்மா கொழும்புக்கே கொண்டுபோகச் சொன்னார். மூன்று மாதத்துக்கொருக்கால் பார்க்க வேண்டிய வருத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் அம்மாவை இராப்பயணம் கூட்டிப்போவது சரிவராது என்று நான் நின்றுகொண்டேன். நீரிழிவு என்று பலகை போட்ட எல்லாரும் அந்தத் துறை நிபுணர்கள் இல்லை என்பதால், இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயரையும் பார்த்துக்கொண்டேன்.

முதலில் தனியாரில் சனல் பண்ணிப் பார்த்தவர் நல்ல பெயர் உள்ளவர்தான். ஆனால் அம்மா கதிரையில் இருந்து முடிய முதல் புதுக் குளிசை எழுதியாகிவிட்டது, நாங்கள் எழுதி வைத்திருந்த சீனிக் கொப்பியை விரித்தும் பார்க்கவில்லை. மனம் ஒப்பவில்லை.

அடுத்தவர் அந்தக் கொப்பியில்தான் தொடங்கினார். எத்தனை மணிக்குச் சாப்பாடு, இரவில் புட்டோ இடியப்பமோ, எவ்வளவு என்று கேட்டார். பிறகு இன்சுலின் போடுகிற இடத்தைக் காட்டச் சொல்லி வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்குக் கீழே கட்டி வைத்திருந்தது. அந்த இடத்தில் போட்டால் மருந்து ஒருநாள் சுவறும், ஒருநாள் சுவறாது, சீனி தாறுமாறாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். அதுவரை யாரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை! கிளிக்லசைட்டை நிறுத்தினார், இன்சுலினோடு சேரும்போது அது சீனியை மேலும் விழுத்தும் என்று. இந்த வயதில் எச்பிஏ1சியை 7க்குள் கொண்டுவர முண்டத் தேவையில்லை, 8க்குள் இருந்தாலும் விழாமல் இருப்பதே முக்கியம் என்றும் சொன்னார். பாதத்தில் மெல்லிய நைலோன் நூலால் தொட்டு உணர்வு பார்த்தார், சிறுநீரகத்தைப் பார்க்கச் சிறுநீரில் அல்புமின் சோதனை எழுதினார்.

அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி, "கந்தசஷ்டி பிடிக்கிறனீங்களோ அம்மா?" என்று. அம்மா என்னைப் பார்த்தார், பேச்சு விழப்போகிறது என்று பயந்துவிட்டார் போல. "ஓம்" என்றார் மெதுவாக. "அப்ப ரெண்டு கிழமைக்கு முதல் வாங்கோ, மருந்தை மாத்தித் தாறன். 70க்குக் கீழ போனா அண்டைக்கு விரதத்தை முறிச்சுப்போட வேணும், சரியோ?" என்றார். அம்மா இவரை விட்டு வேறொருவரிடம் போக மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தொடர்ந்து பார்ப்பதை யாழ் போதனா வைத்தியசாலையில் அவருடைய கிளினிக்குக்கு மாற்றிக்கொண்டோம். விடியவே போய்க் காத்திருக்க வேண்டும், ஆனால் மருந்து இலவசம், இல்லாததை மட்டும் வெளியில் வாங்குகிறோம். தனியாரில் எடுத்த இரத்தப் பரிசோதனைத் துண்டுகளையும் கிளினிக் கொப்பியோடு ஒரே பைலில் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் ஒரே சோதனையை இரண்டு தரம் எழுதுவார்கள். இப்போது எச்பிஏ1சி 7.8, விடியப்புற நடுக்கம் நின்றுவிட்டது. கண் பரிசோதனைதான் பாக்கி, அதற்கும் கடிதம் தந்திருக்கிறார்.