வளவுக்குள் ஒரு கராஜ்: பங்கர் மூலை படுத்திய பாடு

இது இன்னும் முடியாத வேலை. கூரை ஏறிவிட்டது, தரை போட்டாயிற்று, வாகனத்தை மேலே தூக்கும் ஹொயிஸ்ட் நிற்கிறது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தறப்பாள் தொங்குகிறது. இப்போதே எழுதி வைக்காவிட்டால் எங்கே என்ன பிழை விட்டேன் என்பது எனக்கே மறந்துபோகும்.

எங்கள் வளவு கிளிநொச்சிப் பக்கம், வட்டக்கச்சியில். மாமரத்தின் கீழ் மூன்று உருப்படிகள் கிடந்தன: அப்பாவின் மசி பெர்குசன் 135 உழவு இயந்திரம், சில்லுக் கழன்ற ஒரு லாண்ட் மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), பெரியப்பாவின் மொறிஸ் மைனர் கார். மொறிஸ் சாவகச்சேரியிலிருந்து லொறியில் வந்து இறங்கியது. யுத்தத்தில் வடக்குக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார் பெரியப்பா. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அந்த 948 சிசி எஞ்சின் அத்தனை காலம் தாங்கியதே பெரிய காரியம். அதைப் பிரித்துச் செய்ய நிழலும் தரையும் வேண்டும். கதை அங்கேதான் தொடங்கியது.

2020 இல் வாகன இறக்குமதி நின்றபிறகு ஊரில் யாரும் பழைய வாகனத்தை இரும்புக்குப் போடவில்லை. எனக்கும் ஆசை கூடியது. ஆனால் 2022 இல் சீமெந்து மூட்டை 3000 ரூபாயைத் தாண்டியபோது கராஜுக்குக் கீறிய படத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தது 2024 சித்திரை கழிந்து.

முதலில் கீறிய அளவு 25 அடிக்கு 20. காகிதத்தில் தாராளமாகத்தான் தெரிந்தது. வளவில் சுண்ணாம்பால் கோடு போட்டு, மசியை உள்ளே விட்டுத் திருப்பிப் பார்த்தபோது மொறிசின் கதவைத் திறக்கவே இடமில்லை. இரண்டு நாள் கோட்டை அழித்து அழித்துப் போட்டு, கடைசியில் 40 அடிக்கு 30 இல் நின்றேன். செலவில்லாத வேலை இது ஒன்றுதான், ஆனால் எல்லாவற்றையும்விட உதவியதும் இதுதான். வாசலைத் தென்கிழக்கே வைத்தேன். வைகாசிக்குப் பிறகு சோளகம் தென்மேற்கிலிருந்து செம்மண் புழுதியை அள்ளிக்கொண்டு வரும், மாரி மழையை வாடை வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிக்கும். இரண்டுக்கும் முகம் கொடுக்காத பக்கம் அது. நேர் கிழக்குத்தான் நல்லது என்று மாமி சொன்னார். மாமிக்கு எஞ்சின் புளொக்கில் புழுதி படிந்தால் என்ன நடக்கும் என்று விளக்கப் போய்த் தோற்றேன்.

கூரை ஓடு இல்லை, சீற்தான். ஓடு போட்டால் ஒரு வருடத்தில் குரங்குகள் கணக்கைத் தீர்த்துவிடும். பொக்ஸ் பாரில் (சதுர இரும்புக் குழாய்) சட்டம், பக்க உயரம் 14 அடி. ஹொயிஸ்டே 12 அடி கேட்கும்.

இனித் தரை. தரையின் உயரத்தைத் தீர்மானித்தது 2018 மார்கழி வெள்ளம். இரணைமடுக் குளம் நிரம்பிக் கதவுகள் திறந்தபோது எங்கள் வளவுக்குள் வந்த தண்ணீரின் கறை இப்போதும் கிணற்றுக் கட்டில் இருக்கிறது. அந்தக் கறைக்கு மேல் 9 அங்குலம் என்று குறித்தேன்.

தரையை உயர்த்தக் கிறவல் மண் பறிக்கும் முதல்நாள் பின்னேரம் அம்மா வந்து நின்று பார்த்துவிட்டுக் கேட்டா:

“தம்பி, எங்கட பங்கர் இதுக்கையெல்லோ இருந்தது?”

யுத்த காலத்தில் செல்லடிக்கு ஒளிக்க வெட்டிய பதுங்குகுழி அது. எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. 2008 கடைசியில் விட்டுவிட்டுப் போன வளவு, திரும்பி வந்தது 2010 இல். வந்தவுடன் உடைந்த ஓடு, கல், குப்பை எல்லாவற்றையும் போட்டுப் பங்கரை மூடியது நாங்கள்தான். எல் வடிவம், ஒரு கை 8 அடி, மற்றது 5. தலையறுந்த தென்னையை அடையாளம் வைத்து அம்மா இடத்தைக் காட்டினா. தென்னை போய்ப் பத்து வருடம், ஆனாலும் காலால் எட்டு வைத்துக் கணக்காகக் காட்டினா. அலவாங்கால் குத்திப் பார்த்தேன். மற்ற இடங்களில் நாலு விரற்கடைக்கு மேல் இறங்க மறுத்தது. அங்கே முழங்கை வரை போனது.

அது நான் ஹொயிஸ்டின் இடது தூணுக்குக் குறித்த இடம்.

தோண்டினோம். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணிதான். என்றாலும் இங்கே மண்வெட்டி பிடிப்பவர் எவரும் இரும்பில் தட்டினால் கையை நிறுத்திவிடுவார். ஒவ்வொரு தடவையும் நின்று பார்த்துப் பார்த்துத்தான் இறங்கினோம். வந்தது ஓட்டுத் துண்டு, உக்கிப்போன பனங்குற்றி, ஒரு கான் மூடி, ஒற்றைச் செருப்பு. ஐந்தரை அடியில் இறுகிய மண் வந்தது.

கிடங்கு வெட்டியாயிற்று, அப்படியே வாகனம் பார்க்கும் கிடங்காகக் கட்டிவிடலாமே என்றார் மேசன் அண்ணை. எனக்கும் சபலம் தட்டியது. ஹொயிஸ்ட் வாங்கும் காசு மிச்சம். அம்மாதான் மறித்தா. “மாரிக்கு இதுக்கை இடுப்பளவு தண்ணி. நாங்கள் வாளியால அள்ளி ஊத்திப்போட்டு இருந்தனாங்கள்.” அவ சொன்னது சரி. மாரியில் எங்கள் கிணற்றில் குனிந்தே தண்ணீர் அள்ளலாம். அந்த ஊற்றுக்குள் எந்தக் கொங்கிறீற் தொட்டியும் பூசின பூச்சை நம்பித்தான் நிற்கவேண்டும். காய்ந்த காலத்தில் புடையன் பாம்பு படுத்திருக்கும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, கிடங்கின் அடியில் தேங்கும், கிரைண்டர் பொறி ஒன்று போதும். கிடங்கு யோசனையை அன்றோடு விட்டேன்.

மூடுகிற வேலையில்தான் பிழை விட்டேன். ஆறு அங்குலம் கிறவல், தண்ணீர், வாடகைக் கொம்பக்டரால் இடி, பிறகு அடுத்த ஆறு அங்குலம் என்று ஒழுங்காகத்தான் போனது. கடைசி இரண்டு அடி மிச்சமிருக்கும்போது இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. இன்னொரு நாள் வாடகைக்குக் கஞ்சத்தனம் பிடித்து, ஒவ்வொரு அடியாகப் போட்டு இடித்தேன். மேலே கல்லுப்போல இருந்தது. உள்ளே எப்படி என்று யாருக்குத் தெரியும்?

அதனால் ஹொயிஸ்டை ஆறு அடி தள்ளி, ஒருபோதும் வெட்டாத மண்ணுக்குக் கொண்டுபோனேன். கம்பி கட்டிப் பாலம்போல் போட்டால் பங்கர் மேலேயும் நிறுத்தலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் காரைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு அதன் கீழ் நிற்கப்போவது நான். மசி நிற்கும் இடம் பங்கர் மூலைக்கு வந்தது.

ஆவணியில் கொங்கிறீற் போட்டோம். பொலித்தீன் விரித்து அதன்மேல் 5 அங்குலம், சீமெந்து, மணல், கல் 1:2:4 கலவை. மொத்தம் 5 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), தொண்ணூறு மூட்டைக்குக் கிட்டச் சீமெந்து. ஹொயிஸ்ட் நிற்கும் 14 அடிக்கு 4 அடிப் பட்டைக்கு மட்டும் ஒரு அடி ஆழம், 12 மில்லிமீற்றர் கம்பி, 1:1½:3. கூரையை முதலில் போட்டது நல்லதாய்ப் போயிற்று, வெயில் படவில்லை. சோளகம் மட்டும் திறந்த பக்கங்களால் புகுந்து மேல் ஈரத்தை உறிஞ்சியது. சிறுபோக வெட்டு நடந்த நேரம், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. பின்னேரம் வைக்கோலைப் பரப்பி நனைத்துவிட்டுப் படுத்தேன். விடியப் பார்த்தால் பக்கத்து வளவு மாடும் கன்றும் வயிறு முட்டத் தின்றுவிட்டு நிற்கின்றன. கன்றின் குளம்படி வடக்குக் கட்டம் ஒன்றில் இப்போதும் இருக்கிறது. நட்டு விழுந்தால் அதற்குள்தான் உருண்டு போய் நிற்கிறது.

மாட்டைத் துரத்தி வைக்கோலைத் திரும்பப் பரப்பிய கலவரத்தில், கொங்கிறீற் கண்டபடி வெடிக்காமலிருக்கப் போடும் வெட்டுக்கோடு பிந்திவிட்டது. பத்து அடிக்கு ஒரு கோடு, ஒன்றேகால் அங்குல ஆழத்தில், அன்று காலையிலேயே வெட்டியிருக்கவேண்டும். மத்தியானம்தான் வெட்டினேன். ஒரு கட்டம் அதற்குள் தானாகவே குறுக்கே வெடித்துவிட்டது.

மின்சாரம் 30 அம்பியர் ஒற்றை பேஸ். ஹொயிஸ்ட் மோட்டரையும் கொம்பிரசரையும் ஒன்றாகப் போடுவதில்லை என்று சுவரில் எழுதி வைத்தாயிற்று. ஐப்பசி இடிக்கு எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவேன்.

வவுனியாவில் மூடிய சேர்விஸ் ஸ்ரேசன் ஒன்றிலிருந்து வாங்கிய இரண்டு தூண் ஹொயிஸ்ட், 4 தொன். கொங்கிறீற்றுக்கு 28 நாள் முடிந்த பிறகே துளை போட்டு நட்டுகளை இறுக்கினேன். மொறிசை முதல் நாள் ஒரு அடி மட்டும் தூக்கி இரவு முழுக்க விட்டேன். அடுத்த நாள் ஆளுயரம். அடிப்பக்கம் நான் பயந்த அளவுக்கு உக்கவில்லை. எஞ்சின் அடியில் ஒயில் நிற்கும் சம்பை இறக்கினால் மணலும் கறுப்புக் களியும்.

மாரி முடிந்து, தை பிறந்ததும் தண்ணி லெவல் குழாயைப் பிடித்துத் தரை மட்டம் பார்த்தேன். ஹொயிஸ்டின் இரண்டு தூணும் அசையவில்லை. மசிக்கு ஒதுக்கிய கட்டம் 4 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. மூலையில் மயிர்க்கோடாக ஒரு வெடிப்பு. அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

“அந்த மூலை அப்பவும் உப்பிடித்தான். முதல் தண்ணி அதிலதான் ஊறும்.”

மசியை இப்போதைக்கு மாமரத்தின் கீழேயே விட்டிருக்கிறேன். அடுத்த மாரிக்குப் பிறகு மறுபடி குழாய் பிடிப்பேன். கதவுக்குத் தகரம் நாளைக்கு வருகிறது.